நூல் வெளியே வரும் வேளை

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, கடல் தொட்டியில எது ரொம்ப டேஞ்சர்?" முள்ளில் விஷம் வைத்திருக்கும் மீனைச் சொல்வேன், இல்லாவிட்டால் விரலைக் கவ்வும் விலாங்கைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இத்தனை காலமும் ஏதோ ஒன்றைச் சொல்லி மழுப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது வேலையை விட்டுவிட்டேன். ராஜகீழ்ப்பாக்கத்துக் கடையின் சாவி உங்கள் கையில் இருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றி எந்தெந்த வீட்டுக் கூடத்தில் கடல் தண்ணீர் நிற்கிறதோ, அந்த வீடெல்லாம் இனி உங்கள் பொறுப்பு. அதனால் பீர்க்கன்கரணை வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உப்பு எவ்வளவு, விளக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம்.

புழுநத்தையை நீங்கள் இதற்குள் பார்த்திருப்பீர்கள். பார்த்தது இன்னதென்று தெரிந்திருக்காது. கல்லின் மேல் வெந்த சேமியா காய்ந்து ஒட்டிக்கொண்டதைப் போல ஒரு குழாய் இருக்கும். தடவினால் விரல் கிழியும். புத்தகத்தில் இதன் பேரினத்துக்கு வெர்மெட்டஸ் என்று போட்டிருப்பார்கள். புழுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். பெயர்தான் அப்படி, உள்ளே இருப்பது நத்தை. குஞ்சாக இருக்கும்போது மற்ற நத்தைகளைப் போலச் சுருண்ட ஓட்டோடு ஊர்ந்து திரியும். பிறகு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஓட்டைக் கல்லோடு பூசிக்கொண்டுவிடும். அதற்கப்புறம் சாகும் வரை அங்கிருந்து நகராது. ஓடு மட்டும் தன் போக்கில் வளைந்து நெளிந்து நீண்டுகொண்டே போகும்.

நகராத பிராணி சாப்பிட்டாக வேண்டுமே. தண்ணீரில் தீனியின் வாடை பட்டதும் குழாயின் வாய்க்குள்ளிருந்து கோழையாலான நூலை வெளியே விடும். ஒட்டடையைப் போல மெல்லிய நூல். மிதக்கும் துணுக்குகள் அதில் ஒட்டியதும் நூலோடு சேர்த்து உள்ளே இழுத்து விழுங்கிவிடும். ஒரு தொட்டியில் ஒன்றிரண்டு இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. கல் தெரியாத அளவுக்குப் பெருகி, அத்தனையும் ஒரே நேரத்தில் நூல் விடுவதைப் பார்த்தால் பிடரியில் சில்லென்று ஒன்று ஏறும். பழகியவளான எனக்கே ஏறியிருக்கிறது.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய மழைக்காலம். சிங்கப்பூரிலிருந்து தினேஷ் கூப்பிட்டான். பீர்க்கன்கரணையில் அவன் வீட்டுக் கூடத்தில் தொட்டி வைத்துக் கொடுத்தது நாங்கள்தான். அதை வைத்த கொஞ்ச காலத்தில் அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். பிறகு அவன் அப்பா இறந்தார். அம்மா ருக்மணி மட்டும் அந்த வீட்டில் இருந்தார். தினேஷ் தொட்டிக்கு எதிரே ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போயிருந்தான். அங்கிருந்தே போனில் கூடத்தைப் பார்க்கலாம், பேசவும் பேசலாம். மீனுக்குத் தீனி போட ஓர் இயந்திரமும் வைத்திருந்தான்.

"அக்கா, வீட்டுல யாரோ இருக்காங்கன்னு தோணுது" என்றான்.

"திருடன்னா போலீசுக்குப் போன் பண்ணுப்பா. என்னை எதுக்குக் கூப்புடறே?"

"திருடன் இல்லக்கா. தினமும் மத்தியானம் டேங்க்குல வெள்ளையா நூல் நூலா வெளிய வருது. எல்லாம் ஒண்ணா வருது. கொஞ்ச நேரத்துல ஒண்ணா உள்ள போயிடுது. ஹால்ல யாருமே இல்ல. அம்மாவைக் கேட்டா உள்ள படுத்திருந்தேன்னு சொல்றாங்க. ஃபீடர் காலையில மட்டும்தான் போடும். நீங்களே வீடியோவைப் பாருங்க."

அனுப்பினான். பார்த்தேன். ஆளில்லாத கூடம். தொட்டியின் நீல வெளிச்சம் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டியின் இடது ஓரம் கேமராவுக்குள் வரவில்லை. முதலில் ஒரு நூல் எட்டிப் பார்த்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கல் முழுவதும், பின்பக்கக் கண்ணாடி முழுவதும் நூல்கள். நீரோட்டம் அந்தப் பக்கமாகப் போவதால் அத்தனையும் இடது ஓரத்தை நோக்கிச் சாய்ந்து ஆடின. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த ஓரத்தில் யாரோ நிற்க, எல்லாம் அந்த ஆளைப் பார்த்து நீள்வதைப் போலத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போயின. கூடம் பழையபடி வெறிச்சென்று ஆனது.

புழுநத்தை பொய் சொல்லாது. நூல் வந்தால் தண்ணீரில் ஏதோ விழுந்திருக்கிறது. ஏதோ விழுந்தால் யாரோ போட்டிருக்கிறார்கள். தினேஷிடம், நாளைக்கு நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஏரிக்கரையைத் தாண்டி உள்ளே போகும் தெருவில் அந்த வீடு. ஒரு காலத்தில் அவர்களுடைய நெல் வயலாக இருந்த இடம். இப்போது சுற்றிலும் அடுக்குமாடிகள். மழைக்கு ஏரி நிரம்பியிருந்தது. கொசுவுக்காக எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. உள்ளே போனதும் காதில் பட்டது தொட்டியின் மோட்டார் சத்தம் ஒன்றுதான்.

ருக்மணி அம்மா அறுபதைத் தாண்டியவர். முன்பு பார்த்ததற்குப் பாதியாக இளைத்திருந்தார். "வாம்மா. நீ பாட்டுக்கு வேலையப் பாரு. நான் சமையல முடிச்சுட்டு வரேன்" என்று உள்ளே போய்விட்டார்.

தொட்டியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். நாங்கள் வைத்த கல்லையே காணவில்லை. குழாயின் மேல் குழாய், அதன் மேல் குழாய். மோட்டார் மேல், தண்ணீர்க் குழாய் மேல், கண்ணாடி மேல் எல்லாம் வளைந்து வளைந்து ஏறியிருந்தன. அங்கங்கே சுழித்துக்கொண்டு, யாரோ அவசரத்தில் கிறுக்கிய தமிழ் எழுத்துகளைப் போல இருந்தன. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியின் கோப்பையைக் கழற்றினேன். வழக்கமாகப் பச்சையும் கறுப்புமாக இருக்கும் அழுக்கு, மஞ்சளாக இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. முகர்ந்து பார்த்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். நடுவில் இருந்த ஒரு கல் எங்கள் கடையுடையது இல்லை. அதன் மேல் பழுப்பு நிறத்தில் சட்டைப் பொத்தான்களை நெருக்கி வைத்ததைப் போலப் பூ மாதிரியான பிராணிகள். பட்டன் என்று நாம் சொல்கிறோமே, அதேதான். தினேஷ் யாரிடமோ வாங்கி வைத்திருக்கிறான். உங்களுக்கு முதல் நாளே நான் சொன்னது நினைவிருக்கும்: அதன் சதைக்குள் இருப்பது கடலில் உள்ள கொடிய விஷங்களில் ஒன்று. சும்மா விட்டால் அது பாட்டுக்கு இருக்கும். சுரண்டினாலோ நசுக்கினாலோ கைக்காயத்தின் வழியாக ஏறும். வெந்நீரில் போட்டால் ஆவியோடு சேர்ந்து காற்றில் வரும்.

அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் முகத்துக்கு நேராக ஒரு குழாயிலிருந்து நூல் வெளியே வந்தது. பிறகு எல்லாக் குழாய்களிலிருந்தும் வந்தது. நான் தண்ணீரைத் தொடவே இல்லை. திரும்பினேன். தொட்டியின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி, ருக்மணி அம்மா தட்டோடு நின்றிருந்தார். வந்த சத்தமே கேட்கவில்லை. விரல்கள் ஈரமாக இருந்தன.

"வந்துட்டாங்க பாரு" என்றார்.

"யாரும்மா?"

 நூல்கள் எல்லாம் உள்ளே போகும் வரை அங்கேயே நின்றார். அதன் பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்து, அதே தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து, ஆசையாகச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். சாப்பிட்டபடியே சொன்னார்.

"அவரு போன அப்புறம் காக்காவுக்கு சோறு வச்சா எடுக்கல. காரியத்தன்னிக்கும் எடுக்கல. அவருக்கு மனசுல இன்னாவோ கொறைன்னு சொந்தக்காரங்க எல்லாம் பேசிட்டுப் போயிட்டாங்க. தெனம் மாடியில வச்சுட்டுக் கூப்புடுவேன். எதிர்ல இந்த பில்டிங்குங்க வந்த அப்புறம் இந்தப் பக்கம் காக்காவே கெடையாது. அவரு சாப்புடாம நான் எப்டிம்மா சாப்புடறது? அப்டியே எடுத்து மூடி வச்சிடுவேன்."

"எவ்ளோ நாளா?"

"யாரு கணக்கு வச்சாங்க. ஒரு நாளு தட்டோட அந்தப் பக்கம் போறேன். தல சுத்துச்சு. கையில இருந்த சோறு தண்ணியில வுழுந்துடுச்சு. ஐயோன்னு பாக்கறேன், இவங்க வந்தாங்க. காக்கா வந்தா ஒண்ணு ரெண்டு வரும். இங்க பாத்தியா, எத்தினி பேருன்னு?"

 "யாரு யாரும்மா வராங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"முன்னாடி இருக்கறது அவரு. பின்னாடி இருக்கறவங்கள எனக்குத் தெரியாது" என்றார் ருக்மணி அம்மா. "அவங்களுக்கும் பசிதானே."

உங்களில் படித்தவர்கள் அதிகம். இந்த இடத்தில் உட்கார்ந்து, அது நத்தையம்மா, கோழையம்மா என்று விளக்கியிருப்பீர்கள். நான் விளக்கவில்லை. அந்தத் தொட்டி நாறிப்போயிருந்தது, மீன்கள் சாகக் கிடந்தன, அதெல்லாம் உண்மை. அந்தத் தொட்டியால்தான் எதிரில் இருப்பவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்திருக்கிறார் என்பதும் உண்மை. இரண்டில் எதற்கு அவசரம் என்று யோசித்தேன். "தட்டு நெறைய வேணாம்மா. கொழம்பு இல்லாம ஒரே ஒரு பருக்கை போடுங்க, போதும். வருவாங்க" என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

வெளியே வந்து தினேஷுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். 

"அம்மாவை யாராவது டாக்டர்கிட்ட காட்டணுமாக்கா?"

"காட்டு, நல்லதுதான். ஆனா புத்தியில ஒண்ணும் குழப்பம் இல்ல, தெளிவாத்தான் பேசறாங்க. தொட்டிய திடீர்னு எடுத்துடாதே. வாரா வாரம் நான் வந்து கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறேன். முக்கியமா ஒண்ணு. நடுவுல இருக்கற பட்டன் கல்லை யாரும் தொடக் கூடாது. சுரண்டக் கூடாது, வெந்நீர் படக் கூடாது. அது விஷம். நானே மாஸ்க், கையுறையெல்லாம் போட்டுக்கிட்டு எடுப்பேன்."

"சரிக்கா" என்றான்.

ஆனால் அவன் அங்கே தனியாக உட்கார்ந்து தினமும் அந்தக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் எனக்கு மெசேஜ் போட்டான்: "கேமராவுல அம்மா குரல் மட்டும் கேக்குது, யாரோடயோ பேசறாங்க. பதில் வந்த மாதிரி சிரிக்கறாங்க." அடுத்த நாள் என்னிடம் சொல்லாமல், பெருங்களத்தூரில் மணல், சிமெண்டு கடை வைத்திருக்கும் தன் சித்தப்பா மகன் சேகரைக் கூப்பிட்டு, அந்தப் புழுவையெல்லாம் ஒழித்துக் கட்டச் சொல்லிவிட்டான். பட்டன் கல்லைத் தொடாதே என்று சொல்லத்தான் சொன்னானாம். சேகருக்குப் பட்டன் என்றால் சட்டையில் இருப்பது. போனில் ஏதோ வீடியோவைப் பார்த்து, வெந்நீரில் போட்டால் புழு செத்துவிடும் என்று தெரிந்துகொண்டான்.

அன்று நான் பெருங்களத்தூரிலேயே வேறொரு வீட்டில் இருந்தேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. தினேஷ் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அக்கா, சேகர் நடுக்கல்லை எடுத்துட்டுப் போயி கிச்சன்ல கொதிக்க வச்சிருக்கான். நான் இப்பத்தான் பாத்தேன். ஹால்ல ஒரே புகையா இருக்கு. அவன் இருமிக்கிட்டே வெளிய ஓடறான். அம்மாவைக் காணோம்."

108-க்குப் போன் பண்ணு என்று அவனிடம் சொல்வதில் பயனில்லை. அவன் இருப்பது சிங்கப்பூர். நான் இருந்த வீட்டுக்காரரிடம் 108-ஐக் கூப்பிடச் சொல்லி முகவரியைக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன்.

சேகர் வாசலில் மழையில் குந்திக்கொண்டிருந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள், உடம்பெல்லாம் நடுங்கியது.

"இன்னாக்கா இது? வாயெல்லாம் இரும்பு நக்குனாப்ல கீது. மூச்சு வுட முடியல."

"பெரியம்மா எங்கே?"

"பின்னால ரூமுல. கல்ல எடுத்தவொடனே என்னைத் திட்டிகினே போயி கதவச் சாத்திகிச்சு. தாப்பாப் போட்ட சத்தம் கேட்டுச்சு. நான் போயி கூட்டியாரேன்."

எழுந்தான். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். பின் அறைக்குப் போக சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும். போனால் அவன் திரும்பி வர மாட்டான்.

"சிலிண்டர் வெளியிலதானே இருக்கு?"

"பின்பக்கம்."

"சுத்திப் போயி அதை மூடு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் உடை. உள்ள மட்டும் காலை வைக்காதே."

அவன் தள்ளாடியபடி போனான். நான் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் முழுக்கத் திறந்தேன். உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் பட்டதுமே நாக்கின் நுனி மரத்தது. வாய்க்குள் பழைய செப்புக்காசை வைத்ததைப் போல ஒரு ருசி. வண்டியில் மாஸ்க் இருந்தது. அது எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை உள்ளே போகலாம், ஒரே ஓர் இடத்துக்குப் போகலாம். தேடிக்கொண்டிருக்க மூச்சு இருக்காது. பின்பக்கத்திலிருந்து சேகர் கத்தினான்: "அக்கா, ரூம் கதவு சாத்திதான் கீது! கிச்சன் ஜன்னல் வழியா தெரியுது! பெரிம்மா உள்ளதான் கீது!"

பின் அறையென்று முடிவு செய்து மாஸ்க்கை மாட்டினேன். போன் இன்னும் இணைப்பில் இருந்தது. அதிலிருந்து தினேஷின் குரல் வந்தது.

"அக்கா. நூல் வருது."

"என்ன?"

"டேங்க்குல. நூல் வெளிய வருதுக்கா. மிச்சம் இருக்கற எல்லாத்துலயும் வருது."

வேலையில் எனக்கு வந்த கஷ்டமான நிமிடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஒரு பக்கம், கதவு சாத்திய சத்தத்தைத் தன் காதால் கேட்டவன், சாத்திய கதவைக் கண்ணால் பார்த்தவன் கத்துகிறான். இன்னொரு பக்கம் கண் சரியாகத் தெரியாத, காதே இல்லாத நத்தைகள். தண்ணீரில் ஏதோ விழாமல் அவை நூல் விடாது. அந்த வீட்டில் தொட்டிக்குள் சோறு போடுகிறவர் ஒருவர்தான். அவர் நிற்கும் இடம் கேமராவில் தெரியாது.

கூடத்துக்குள் ஓடினேன்.

வெள்ளைப் புகைக்குள் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டியின் இடது ஓரத்தில், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ருக்மணி அம்மா சுருண்டு கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தேன். கனமே இல்லை. இழுக்கும்போது என் முகம் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அத்தனை நூலும் எங்கள் பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு வந்ததும் மழையில் விழுந்தோம். சேகர் ஓடி வந்து அவரைத் தூக்கினான். ஆம்புலன்ஸ் வந்தது.

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர், வயதில் உங்களைப் போன்றவர், சமையல் வாயுக் கசிவு என்று நினைத்துக் கேள்வி கேட்டார். பூ மாதிரியான கடல் பிராணியைக் கொதிக்க வைத்ததைச் சொல்லி, விஷத்தின் பெயரையும் சொன்னேன். பாலிடாக்சின். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பூவை வேக வச்சாங்களா?" என்றார். நான் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மறுபடி சொன்னேன். எழுதிக் காட்டினேன். "முறிவு மருந்து கிடையாதாம் மேடம். மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கணும்னு படிச்சிருக்கேன். என்னையும் சேர்த்துப் பாருங்க" என்றேன். அவர் உடனே தன் போனில் தேடிப் படித்தார். அவர் முகம் மாறியது. அதற்கப்புறம் அங்கே எல்லாம் வேகமாக நடந்தது. இந்தத் தொழிலில் நீங்கள் தெரிந்து வைத்திருக்கும் ஒரு பெயர், அதைக் கேள்விப்படாத ஒருவரிடம் வெட்கப்படாமல் இரண்டாம் முறை சொல்ல வேண்டிய நாள் வரும். சொல்லிவிடுங்கள்.

சேகருக்கும் எனக்கும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து போயின. ருக்மணி அம்மா சில நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து பிழைத்தார். தினேஷ் அடுத்த விமானத்தில் வந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தான்.

பேச முடிந்ததும் நான் போய்ப் பார்த்தேன். "அன்னிக்கு நீங்க சோறு போட்டதாலதான்மா கண்டுபிடிச்சேன். நூல் வெளிய வந்துச்சு. நீங்க ஹால்ல இருக்கீங்கன்னு தெரிஞ்சிடுச்சு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நான் எங்கம்மா சோறு போட்டேன்? அன்னிக்கு உலையே வக்கலியே. அடுப்புல அவன் கல்லத்தான வச்சிருந்தான்."

"அப்போ டேங்க்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"ரூமுல படுத்திருந்தேன். மூச்சு முட்டுச்சு. ஹால்ல இருந்து கூப்புட்டாங்க. எழுந்து வந்தேன்."

"யார் கூப்புட்டாங்க?"

"தெரிஞ்ச குரல் இல்லம்மா" என்றார்.

தினேஷ் என்னைப் பார்த்தான். அவன் அன்று கேமரா வழியாகப் பேசவே இல்லை. எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தான். அறைக் கதவு சாத்தியிருந்ததே என்றால், வெளியே வந்தவர் பழக்கத்தில் இழுத்துச் சாத்தியிருப்பார், அதில் ஒன்றுமில்லை. நூல் வந்ததற்கும் என்னிடம் விளக்கம் இருக்கிறது. சேகர் கல்லைப் பிடுங்கியதில் அடியில் தங்கியிருந்த குழம்பும் கசடும் கலங்கி மேலே வந்திருக்கும். அது தீனியின் வாடைதான். கலங்கியதற்கும் நூல் வந்ததற்கும் நடுவில் கல் கொதிக்கும் அளவுக்கு நேரம் போயிருந்தது என்பது மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. பகலில் யோசித்தால் அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

தொட்டியைக் கலைக்கும் வேலை என்னுடையதுதான். கடலில் கொண்டுபோய் விடலாமே என்று சேகர் கேட்டான். விடக் கூடாது. வீட்டுத் தொட்டியில் பெருகியது எதையும் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லாவற்றையும் ப்ளீச்சிங் மருந்து கலந்த தண்ணீரில் போட்டு மூடி, வீட்டைக் கழுவி, கண்ணாடியைத் துடைத்து முடித்தேன். ருக்மணி அம்மா வீடு திரும்பும்போது வெறும் கண்ணாடிப் பெட்டிதான் இருந்தது. அதன் முன்னால் வந்து நின்றார். தினேஷ் சமையலறையில் ஏதோ செய்வதைப் போல ஒதுங்கிக்கொண்டான்.

"செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

இல்லை, கடலில் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரை வந்தது. என் கையால் செய்ததை அவரிடம் மறைக்க மனம் வரவில்லை. "ஆமாம்மா. எல்லாம் செத்துடுச்சு" என்றேன்.

அழவில்லை. கண்ணாடியை ஒரு முறை தடவினார். பிறகு, பஸ் எப்போது வரும் என்று கேட்கிற குரலில் கேட்டார்: "அப்போ இனிமே நான் எப்போ சாப்புடறது?"

   நான் கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தேன். "எனக்குப் பசிக்குதும்மா. முதல்ல எனக்குப் போடுங்க" என்றேன்.

வெறும் தொட்டியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தட்டை எடுத்து வந்து போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றார். அதற்கப்புறம் தனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இப்போது சேகர் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அங்கேதான் சாப்பிடுகிறான். "நான் துன்னாதான்க்கா பெரிம்மா துன்னுது. இன்னா பண்ணச் சொல்றே?" என்பான். அவன் வெளியூர் போகும் நாட்களில் எனக்குப் போன் வரும், நான் போவேன். எனக்கு இனி முட்டி ஒத்துழைக்காது. அந்தப் போனைக் கடைக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். அந்த வீட்டில் தொட்டி இல்லையே, நாம் எதற்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டாம். போங்கள்.

போனால் உட்காரச் சொல்லிச் சோறு போடுவார். கருவாட்டுக் குழம்பு நன்றாக இருக்கும். நீங்கள் சாப்பிடும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். உங்கள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் லேசாகத் தலையாட்டுவார், இன்னொருவருக்கு நகர்ந்து இடம் விடச் சொல்வதைப் போல. திரும்பிப் பார்க்காதீர்கள். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். நீங்கள் முடித்த பிறகுதான் அவர் சாப்பிடுவார்.